க்ரெவி ஆற்றங்கரை வட்டம்

கிளெனிஸ் ப்ராஸரின் அப்பா லான்வேரன் சேப்பல் என்ற சிறு தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிறவர். கல்யாணமாகி, பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் அந்தச் சேப்பலின் இரண்டாவது பெஞ்சை விடவில்லை. அவளை அங்கிருந்து எழுப்பிவிட்டது தம்பி எம்ரிஸின் சாவு.

எம்ரிஸ் லண்டனில் இருந்தான். எண்பதுகளின் கடைசியில் எய்ட்ஸோடு, எலும்பும் தோலுமாக வீடு திரும்பினான். அவன் குடித்த டம்ளரைத் தொட ஊரில் ஆளில்லை. அவன் போனபோது, ஏதோ நீண்ட நாள் நோய் என்று சடங்கு நடத்த வந்த பாதிரியார் பூசி மெழுகினார். அப்பா வாயே திறக்கவில்லை. பெட்டியைத் தூக்க வேண்டிய சித்தப்பா பிள்ளைகளுக்கெல்லாம் அன்றைக்குப் பார்த்து ஆளுக்கொரு முதுகுவலி.

அப்போதுதான் ஐவர் பெவன் வந்தார். க்ரெவி ஆற்றங்கரையில் மாடு வளர்த்து, பால் விற்றுப் பிழைத்தவர். அவரை ஊரில் கொஞ்சம் கழன்றவர் என்பார்கள். பேகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, ஆற்றையும் மண்ணையும் கும்பிடுகிற ஒரு சிறு கூட்டம் அவருடைய ஆற்றோர வயலில் பருவத்துக்குப் பருவம் வட்டமாக நின்று பாடும். அந்தக் கூட்டத்தோடு வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். எம்ரிஸின் சாம்பலை ஆற்றின் வளைவில் கரைத்தபோது, வட்டத்தில் ஒவ்வொருவரும் அவன் பெயரை உரக்கச் சொன்னார்கள். அந்தப் பெயரை அப்படிச் சத்தமாகக் கேட்டு கிளெனிஸுக்கு எத்தனையோ மாதமாகியிருந்தது.

அதற்கப்புறம் அவள் சேப்பலுக்குப் போகவில்லை. அப்பா சாகும்வரை அவளோடு வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவள் புருஷன் லென் எந்தச் சாமியையும் கும்பிடாதவன். மழை நாளில் அவள் சேறும் சகதியுமாக வந்து நின்றால், "உன் சாமிங்களுக்குக் கூரை போட்ட இடமே கிடைக்கலயாம்மா?" என்பான். ஆனால் வட்டத்தின் விழாவுக்குத் தேன் மது காய்ச்சுகிற பெரிய பானையைக் காரில் ஏற்றிக் கொடுப்பவனும் அவன்தான்.

வட்டத்துக்கு யார் யாரோ வந்தார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்கள், எம்ரிஸைப் போன்ற பையன்கள், ரிட்டையரான ஒரு போலீஸ்காரர். யாரையும் நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதில்லை என்பது ஐவர் வகுத்த ஒரே சட்டம். முப்பது வருஷம் அப்படியே ஓடியது.

பால் விலை விழுந்தபோது ஐவர் மாடுகளை விற்றார். மேட்டு நிலத்தில் நீளமாக இரண்டு கோழிக் கொட்டகை எழும்பியது. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும், வளர்ந்த கோழியையும் அதுவே எடுத்துக்கொள்ளும். எச்சம் மட்டும் ஐவருக்கு. அதை அவர் வயலில் உரமாகக் கொட்டினார். மழை அதை ஆற்றுக்குக் கொண்டுபோனது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு கோடையில், தண்ணீரில் வெள்ளைப் பூ பூக்கிற நீர்க்கொடி வரவில்லை. அடுத்த கோடையில் பாசி படர்ந்து ஆறு பட்டாணி சூப் நிறத்துக்கு மாறியது. வட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த டாம்சின் என்ற பெண் ஒரு நர்ஸ். ஓய்வு நேரத்தில் ஆற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதிக்கிற தன்னார்வலர்களில் ஒருத்தி. ஐவரின் நிலத்துக்கு மேலே தண்ணீர் பரவாயில்லை, கீழே படுமோசம் என்று அவள் கிளெனிஸிடம் மட்டும் சொன்னாள். கிளெனிஸ் அதைக் கேட்டுக்கொண்டு கேக் வெட்டினாள். பல வாரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கோடை நடு விழாவன்று வழக்கம்போல ஐவர் கிண்ணத்தை உயர்த்தி, "எங்களுக்குச் சோறு போடுற தாயே" என்று ஆற்றைப் பார்த்துச் சொல்லி மதுவை ஊற்றினார். கரையோரம் ஒரு சால்மன் மீன் வயிறு மேலே தெரியச் செத்துக் கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி பாடினார்கள். கிண்ணம் கிளெனிஸின் கைக்கு வந்தபோது அவளால் அதை அடுத்தவருக்குக் கொடுக்க முடியவில்லை.

"ஐவர், இது உங்க கொட்டகையிலேர்ந்து வர்றது. உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

பாட்டு நின்றுவிட்டது. ஐவர் கோபப்படவில்லை. அதைத்தான் பின்னாளில் அவளால் தாங்க முடியவில்லை. அவர் மெதுவாகக் கேட்டார்: "உன் ஸ்கூல்ல புதன்கிழமை புதன்கிழமை கோழி போடுறியே கிளெனிஸ், அது எங்கேர்ந்து வருதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா? மலிவா வேணும்னு எல்லாரும் சொல்றீங்க. மலிவுன்னா இதுதான்."

எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கோழியை அவள் கையாலேயே பரிமாறியிருக்கிறாள். போலீஸ்காரர், விழாவில் இதையெல்லாம் பேசக்கூடாது என்றார். இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது என்றாள் டாம்சின். அன்றைக்கு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கொண்டுவந்த பாத்திரங்களை மூடியபடியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

இலையுதிர் காலத்தில் ஐவர் மூன்றாவது கொட்டகைக்கு அனுமதி கேட்டார். கவுன்சில் கூட்டத்தில் எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்று அறிவிப்பு வந்தது. கிளெனிஸ் சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே போகவா வேண்டாமா என்று லெனிடம் கேட்டாள்.

லென் அன்று கிண்டல் செய்யவில்லை. "எம்ரிஸைத் தூக்கின தோள் அது. அதை மறந்துட்டுப் போக முடிஞ்சா போ. மறக்க முடியலன்னாலும், போறதுன்னா போ. ஆனா ரெண்டு பக்கமும் நல்ல பேரு வாங்கணும்னு மட்டும் போகாதே" என்றான்.

அவள் போனாள். ஐவர் முன்வரிசையில், மகளோடு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். கிளெனிஸ் மேடைப் பேச்சுக்குப் பழகாதவள். ஆறு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொன்னாள். தன் தம்பி அதில்தான் இருக்கிறான் என்றாள். அந்த இடத்தில் ஐவர் தலையைக் குனிந்துகொண்டார். பேகன்காரி என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். கவுன்சில் உறுப்பினர்களைக் கையைத் தூக்கச் சொன்னபோது பெரும்பாலான கைகள் கொட்டகைக்கே உயர்ந்தன. வேலை வாய்ப்பு என்றார் தலைவர். எல்லாம் ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் முடிந்தது.

மறுவாரம் ஐவரின் ஆற்றோர வயல் கேட்டில் சங்கிலி தொங்கியது. பூட்டியது அவர் மகள் என்றார்கள். அவரே என்றும் சொன்னார்கள். வட்டம் இரண்டாகப் பிரிந்தது. போலீஸ்காரரும் சிலரும் ஐவர் வீட்டுக் கொல்லையில் கூடினார்கள். சிலர் எந்தப் பக்கமும் சேராமல் வருவதையே நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவன் தன் வீட்டில் சண்டையென்று ஒரே ஒரு வருஷத்துக்கு முன்புதான் அழுதுகொண்டு வந்து சேர்ந்திருந்தான். அவன் எங்கே போனான் என்று கிளெனிஸ் பலரிடம் விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை.

வட்டம் வழக்கமாகக் கூடுகிற, குளிர்காலத்தின் மிகச் சின்னப் பகலன்று, ஊருக்குப் பொதுவான நடைபாலத்தடியில் கிளெனிஸும் டாம்சினும் இன்னொரு பெண்ணும் நின்றார்கள். லென் காரில் உட்கார்ந்திருந்தான். கிளெனிஸ் ஆற்றில் மது ஊற்றவில்லை. ஊற்றக் கை வரவில்லை. கரையில் சிக்கிக் கிடந்த தீவனப் பைகளைச் சாக்கில் அள்ளினார்கள். அது வழிபாடா குப்பை பொறுக்கலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்கரையில் ஐவர் வந்து நின்றார். கைத்தடி புதிது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாலத்தின் மேல் ஒரு காலை வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். அவள் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று நினைத்துச் செய்ததல்ல. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் அவர் திரும்பி நடந்துவிட்டார்.

மார்ச்சில் கொட்டகைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். கிளெனிஸ் பள்ளிச் சமையல் வேலையிலிருந்து ரிட்டையராகும் முன்பே விலகிக்கொண்டாள். மாதாமாதம் டாம்சினோடு போய்க் குப்பியில் தண்ணீர் பிடிக்கிறாள். தண்ணீர் தேறவில்லை.