கையாட்டும் ஜன்னல்

இங்கிலாந்தின் வடக்கே, கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருக்கிறது நான் வேலை செய்யும் நர்சரி. அங்கே ஒரு ஜன்னலுக்குத் தனி மரியாதை. தெருவைப் பார்த்த ஜன்னல். அதன் அடியில் பிள்ளைகள் ஏறி நிற்க மரப்படி போட்டிருக்கிறார்கள். காலையில் அம்மாவோ அப்பாவோ விட்டுவிட்டுப் போகும்போது, பிள்ளை அந்தப் படியில் ஏறி, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கையாட்டும். போகிறவரும் தெருவில் நின்று, திரும்பிப் பார்த்து, கையாட்ட வேண்டும். 'வேவிங் விண்டோ' என்று அதற்குப் பெயர். மழை பெய்தாலும் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டுகிறார்கள். கோட்டும் டையுமாக வரும் ஒரு பெரிய மனிதர் நடைபாதையில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் யாரும் சிரிப்பதில்லை. முதல் நாள் இதைப் பார்த்தபோது நான் ஜன்னல் பக்கமே பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று எங்கள் குப்பத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். கடலுக்குப் போகிறவனை அங்கே 'எங்கே' என்று கேட்கக்கூடாது. வாசலைத் தாண்டியவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. சோற்றுத் தூக்கையே மறந்துவிட்டுப் போனாலும், ஓடிப்போய் அவன் முன்னால் நின்று கொடுக்கலாமே தவிர, முதுகைப் பார்த்துக் குரல் கொடுக்கக்கூடாது. கூப்பிட்டால் போனவன் திரும்பமாட்டான் என்பது நம்பிக்கை. கடல் யாரையும் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நம் வாயால் ஒன்று ஆகிவிட்டது என்று இருக்கக்கூடாது அல்லவா? பெரியவர்கள் வாயைக் கட்டிக்கொள்வார்கள். பிள்ளைகளோடுதான் பாடு. அப்பா வலையோடு கிளம்பினால் 'நைனா, நைனா' என்று பின்னாலேயே கத்தும். அதனால் எங்கள் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் வாயை உள்ளங்கையால் மெல்லப் பொத்துவார்கள். ஆள் கண்மறைந்த பிறகுதான் கையை எடுப்பார்கள். பேச்சு வருகிற வயதிலேயே எங்கள் பிள்ளைகள் பேசாமல் இருக்கவும் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

அந்தக் குப்பத்துப் பால்வாடியில் நான் டீச்சராக இருந்தேன். எங்கள் தெருப் பிள்ளைகளும் வரும், ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களின் பிள்ளைகளும் வரும். அந்தப் பெண்கள் பிடித்த இறாலைப் போடும் ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் போகிறவர்கள். பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள வழியில்லை. கொண்டுவந்து விடும்போது பிள்ளை புடவையைப் பிடித்துக்கொண்டு விடாது. அங்கேதான் என் வேலை ஆரம்பம். "அதோ பாரு, காக்கா!" என்று வெளியே காட்டுவேன். பிள்ளை காக்காவைத் தேடுகிற நேரத்தில் தாய் நழுவிவிடுவாள். காக்கா இல்லாத நாளில் படகு, படகு இல்லாத நாளில் ஆட்டுக்குட்டி. திரும்பிப் பார்த்து அம்மா இல்லை என்று தெரிந்ததும் பிள்ளை வீறிடும். ஆனால் அதற்குள் தாய் எட்டப் போயிருப்பாள், கூப்பிட்டாலும் காதில் விழாது. பருப்பு சாதம் வருவதற்குள் அழுகை ஓய்ந்துவிடும். இதில் எனக்கு ஊரில் நல்ல பேர். "சாந்தி டீச்சர் கிட்ட உட்டா போதும், காக்கா காட்டியே ஊர ஏமாத்திருவாங்க" என்று பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இந்தக் கைத்தொழிலோடுதான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம், ஆலிவர் என்ற ஒரு பொடியன் அம்மாவின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அலறினான். எனக்குக் கை பரபரத்தது. அவனை வாங்கி மீன்தொட்டிப் பக்கம் திருப்பி, "லுக், லுக், ஃபிஷ்!" என்று காட்டிவிட்டு, அம்மாவுக்குக் கண்ணால் ஜாடை செய்தேன்: போ, போ. அந்த அம்மா நகரவில்லை. பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு மண்டிபோட்டு, அழுகிற பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, "அம்மா வேலைக்குப் போகிறேன், நீ சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் வந்துவிடுவேன்" என்று சொன்னாள். அவனை ஜன்னல் படியில் ஏற்றிவிட்டு, அவன் 'மம்மி, மம்மி' என்று முதுகுக்குப் பின்னால் கத்தக் கத்தத் தெருவில் இறங்கி நடந்தாள். அவன் வாயைப் பொத்தப் போன என் கையை நான்தான் மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் மேனேஜர் ஹெலன் நல்ல மனுஷி, சத்தம் போடத் தெரியாதவர். மதியம் என்னைத் தேநீரோடு தனியே உட்கார வைத்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "எங்கள் ஊரில் பிள்ளை பின்னாலிருந்து கூப்பிட்டால் அம்மா திரும்பி வரமாட்டாள்." ஹெலனின் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஷாந்தி. உன் அம்மாவும் அப்படித்தான் போய்விட்டாரா?" என்றார். என் அம்மா பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்றுக்கொண்டு குத்துக்கல்லாக இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹெலன் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அன்றிலிருந்து நர்சரியில் என்னைத் தாய் விட்டுப்போன பிள்ளையாகவே நடத்துகிறார்கள். பிஸ்கட் டப்பா என் பக்கம்தான் முதலில் வரும். விட்டுப்போன தாய் நான்தான் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

என் மகள் கீர்த்தனாவுக்கு அப்போது மூன்று வயது. சிறுபிள்ளைக் கல்வி படிக்க எனக்கு உதவித்தொகையோடு இங்கே இடம் கிடைத்திருந்தது. நான் வந்த விசாவில் பிள்ளையைக் கூட்டி வர இடமில்லை. படிப்பு ஒரு வருடம்தானே என்றார் என் கணவர் ஏழுமலை. அவருடைய அக்கா தேசம்மா எங்களோடு இருப்பவர். "நீ பெத்தா இன்னா, நா பெத்தா இன்னா? நா பாத்துக்கிறேன், நீ தைரியமா போ" என்றார். கிளம்பிய அன்று கீர்த்தனா என்னுடைய பால்வாடியில்தான் இருந்தாள். எனக்குப் பதிலாக வந்திருந்த பெண்ணுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவளே நான். "அதோ பாரு, காக்கா!" என்றாள் அவள். கீர்த்தனா திரும்பினாள். நான் பையோடு மணலில் இறங்கி நடந்தேன். சொல்லாமல் போவதுதான் பிள்ளைக்கும் நல்லது, பிரயாணத்துக்கும் நல்லது என்று ஊரே சொன்னது. எனக்கும் அது சரியாகவே பட்டது. ஏரிப் பாலம் ஏறும்வரை என் காது பின்னாலேயே இருந்தது. குரல் ஏதும் வரவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து வேலை கிடைத்தது. வேலைக்கான விசாவிலும் பிள்ளையைக் கூட்டி வர வழி திறக்கவில்லை. ஒரு வருடம் இன்னொரு வருடத்தை இழுத்துக்கொண்டு போயிற்று. வேலையில் சேர்ந்த பிறகு நர்சரியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழும், ஆனால் போனவர் வருவார் என்று பழகும், சொல்லாமல் நழுவினால் அழுகை சீக்கிரம் நிற்கும், ஆனால் கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போவார் என்று மனதில் பதிந்துவிடும். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே போனில் ஏழுமலை சாதாரணமாகச் சொன்னார்: "பாப்பா இப்பல்லாம் எதைக் காட்டினாலும் திரும்ப மாட்டேங்குது. 'அதோ பாரு'ன்னா, காட்டுற ஆளையே மொறச்சுப் பாத்துக்கினு நிக்குது." அவருக்கு அது வேடிக்கை. நான் போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்கிறது, யார் இல்லை என்றது? பல் விழுகிறது, பாவாடை குட்டையாகிறது. அந்தப் பழமொழியைச் சொன்னவர் போன் திரையில் பிள்ளை வளர்த்திருக்கமாட்டார்.

இந்த வருடம் லீவில் ஊருக்குப் போனேன். முதலில் கீர்த்தனா தேசம்மா அண்ணியின் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் என்னைப் பார்த்தாள். பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள், பிடித்தவள் விடவில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இருக்கியா?" என்பாள். இருக்கிறேன் என்று தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் குரல் கொடுத்தேன். இந்த முறை நழுவக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆலிவரின் அம்மா செய்தது போல, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"இன்னா சாந்தி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? போற அன்னிக்கு கொழந்த கிட்ட சொல்லிக்கினு போவாங்களா? அது பின்னால கூவுச்சுன்னா?"

"கூவட்டும் அண்ணி. சொல்லாம போனாத்தான் அதுக்குப் பயம்."

"உங்க வெள்ளக்காரன் ஊர்ல கடல் கீதா?"

"கீது."

"அதுல போறவன் திரும்பி வரானா?"

"வரான் அண்ணி."

"அப்ப அவனுக்கு வேற சாமி" என்று சொல்லிவிட்டு அண்ணி மீன் கழுவப் போய்விட்டார்.

கிளம்புகிற அன்று காலை மணலில் மண்டிபோட்டு, கீர்த்தனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "கீர்த்து, அம்மாவப் பாரு. அம்மா இன்னிக்கு வேலைக்குப் போறேன். உன் கிட்ட சொல்லிட்டுத்தான் போறேன். திரும்பி வருவேன். பாலத்துகிட்ட நின்னு கையாட்டுவேன், நீயும் ஆட்டணும். 'அம்மா'ன்னு சத்தமா கூப்புடு, செரியா?"

"கூப்புடணுமா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு.

"கூப்புடு. நா திரும்பிப் பாப்பேன்."

அவள் அத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் நடந்தேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக, பின்னாலிருந்து ஒரு குரல் வராதா என்று ஏங்கிக்கொண்டு நடந்தேன். பாலத்தருகே நின்று திரும்பினேன். அண்ணி மணல் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார், அருகே ஏழுமலை என் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணியின் பக்கத்தில் மஞ்சள் கவுனில் கீர்த்தனா. ஆனால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கையாட்டினேன். கடற்காற்றில் தொண்டை கிழிய நானே அவள் பெயரைக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஜன்னலும் படியும் மண்டிபோடுதலும் எல்லாம் அங்கேயே பொடிப்பொடியாகிவிட்டன. இந்தப் பிள்ளை என்னை வெறுத்துவிட்டது, அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

பெட்டியோடு பின்னால் வந்த ஏழுமலை, பைக்கை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பொன்னேரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிக்கெட் வாங்கிவிட்டு என் பக்கம் திரும்பி, "எதுக்கும்மே அழுவுற?" என்றார்.

"கோவம் அதுக்கு. மூஞ்சக் கூட காட்டல."

"கோவமா? நீ எட்டக்க இருந்து பாத்த. நா பக்கத்துல இருந்து பாத்தேன். ரெண்டு கையாலயும் வாயக் கெட்டியா பொத்திக்கினு நின்னுச்சு. மூச்சு கூட உடல. உன்ன பாத்தா கூப்புட்ருவோம்னு திரும்பிக்கிச்சு. நீ பாலம் ஏறி மறஞ்சதும் கைய எடுத்துட்டு அக்காவக் கேக்குது, 'அத்தை, அம்மா கூப்புடச் சொல்லுச்சு, நா கூப்புடல. இனிமே அம்மா கண்டிப்பா வந்துரும்ல?'ன்னு."

அதற்கு அண்ணி என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பஸ் காட்டூர் ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஆலிவர் இப்போது அழுவதில்லை. ஜன்னலில் நின்று ராஜா மாதிரி கையாட்டுகிறான். அவனைப் பழக்கியது நான்தான் என்று ஹெலன் எல்லோரிடமும் சொல்கிறார். சாயங்காலம் என் முறை முடிந்து நான் தெருவில் இறங்கும்போது, இன்னும் வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் மரப்படியில் முண்டியடித்து ஏறிக் கண்ணாடியைத் தட்டுகிறார்கள். "ஷாந்தி! ஷாந்தி!" என்று முதுகுக்குப் பின்னால் அத்தனை குரல்கள். கால் ஒரு கணம் இடறுகிறது. பிறகு திரும்பிக் கையாட்டுகிறேன். அது என் வேலை. பின்னாலிருந்து தினமும் கூப்பிடுகிற இந்தப் பிள்ளைகளிடம் மறுநாள் காலையில் தவறாமல் திரும்பி வந்துவிடுகிறேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளிடம்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.