மருமகளுக்காக நட்ட கொன்றை

மலையாளிகளின் புத்தாண்டான விஷுவுக்கு முதல் நாள் காலை. கோவிந்தாபுரத்தில் டீக்கடை வைத்திருக்கும் பொன்னாத்தா அக்கா, என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"பூவுப் பைத்தியம்னு ஊரே உன்னையச் சொல்லுது. இந்தக் கொன்னை மரம் ஏன் கண்ணு இன்னும் பூக்கலை?"

பைத்தியம்தான். மாந்தோப்பில் காய் பறிக்கும் கூலி நான். வேலை இல்லாத நாளில் வெயிலில் நடப்பேன். பஸ்ஸுக்குக் காசில்லாதபோது பழகியது. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. ஆவாரை, தும்பை, கொன்றை என்று நம் மண்ணின் பூக்களை நடந்து நடந்துதான் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் மகன் மலையாளப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்ற வருஷம் நட்ட மரம் அது. அக்கா ஒரு நாள் முழுக்க அழுதார். மறுநாள் மொபெட்டில் வந்த நாற்றுக்காரரிடம் கொன்றை கேட்டு வாங்கினார்! விஷு விடியலில் கண் விழித்ததும் பார்க்கிற கணியில் கொன்றைப்பூ இல்லாமலா? மருமகள் சிந்துவுக்கு இந்த வீட்டில் இதுதான் முதல் விஷு.

இலையைப் பார்த்தேன். கொன்றை இலை உள்ளங்கை அகலம் இருக்கும். இது விரல் அகலம். வெளிநாட்டு மரம். பூ மஞ்சள்தான் — ஆனால் விட்டால் காட்டையே மூடிவிடும். கொன்றை என்று நம்பி நட்டு ஏமாந்தவர்கள் இங்கே நிறைய.

சொல்வதா, விடுவதா? சொன்னேன்.

"குடிக்கத் தண்ணியில்லாத நாள்லகூட இதுக்கு ஊத்துனனே..." அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "நட. நெசமான கொன்னை எங்கிருக்குதுன்னு காட்டு."

கொல்லங்கோடு பக்கம் நடந்தோம். முந்தின நாள் மழை பாதியை உதிர்த்திருந்தது. மிச்சத்தை யாரோ ஒடித்துப் போயிருந்தார்கள். மலையடிவாரத்தில், பாறைச் சந்தில் ஒரு மரம். உச்சியில் ஒரே ஒரு சரம். ஏறினேன். முட்டி சிராய்த்தது.

"மெதுவாடா! நீ வுளுந்தாலும் பூவ வுட்டுறாத!"

அந்தச் சரம் கணிக்குப் போய்ச் சேர்ந்தது. விஷு அன்று டீ குடிக்கப் போனேன். அக்கா பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா இவ கதைய? அது கொன்னை இல்லைன்னு வந்த அன்னிக்கே தெரியுமாமா!"

சிந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். "எங்க முற்றத்துல கொன்னை உண்டு, அம்மே. பார்த்தா தெரியாதா?"

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

"தினமும் குடம் சுமந்து ஊத்தறீங்க. எப்படிச் சொல்ல?"

சொன்னால் மனசு நோகும்... சொல்லாவிட்டால் களை வளரும். பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன, இல்லையா?

அக்கா உள்ளே போய் அரிவாளோடு வந்தார். சிந்து மரத்தை வளைத்துப் பிடித்தாள்.

"இழுத்துப் புடி, சோறு திங்கலையா?"

"நீங்க ஓங்கி வெட்டுங்க, அம்மே!"

இருவரும் சிரித்த சிரிப்பில் என் டீயை யாருமே போடவில்லை.

மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாகி ஒரு மரம் செத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.