சிறப்பு விருந்தினர் கையெழுத்து

இன்னிக்குப் பெரம்பலூர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். டெல்லி கலை ஆபீஸ் நடத்துற விழாவுல எங்க தப்பாட்டக் குழுவும் ஆட விண்ணப்பிக்கத்தான்.

சென்டர் அக்கா ஒவ்வொண்ணா கேட்டு டைப் அடிச்சாங்க.

"கடைசியா எங்க ஆடுனீங்க?"

"பாடாலூர்லங்கக்கா."

"என்ன நிகழ்ச்சி?"

"சாவு வூடு."

ஒரு தடவ நிமிர்ந்து பாத்துட்டு அடிச்சாங்க.

"சிறப்பு விருந்தினர் யாரு?"

எனக்குக் குழம்பிப் போச்சு. அன்னிக்கு மாலை, கூட்டம், வெடி எல்லாமே செத்துப்போன பெரியவருக்குத்தான். அவரு பேரையே சொல்லிட்டேன்.

"அவரு கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேணுமாம்."

அக்கா ரெண்டு மூணு தடவ அழுத்திப் பாத்தாங்க. சான்றிதழ் இல்லாம அடுத்த பக்கம் போக மாட்டேங்குது.

நாளைக்குத்தான் கடைசி நாள். இந்த வருசம் போச்சு.

இனிமே கையெழுத்த முன்னாடியே வாங்கி வச்சுக்கலாம்னு இருக்கேன். மொதல்ல யாரு போடுறீங்க?