சிவப்புக் கோட்டுக்குள் ஒரு வீடு

கணினியில் வரைபடத்தைப் பெரிதாக்கும்போதெல்லாம் ஜ்வாலாமாலினி மூச்சைப் பிடித்துக்கொள்வாள், மேலிருந்து குதிப்பவள் மாதிரி. தரை தெரிந்த பிறகுதான் விடுவாள். செவிலிமேட்டு வீட்டு மாடியில் உட்கார்ந்து இணையத்துக்கு வரைபடம் செய்வது அவள் தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும் முன் "வடக்கு எந்தப் பக்கம்?" என்பாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் ஜைனக் குடும்பம்; அந்த வாரம் தட்டு மாடிக்கே போக வேண்டியதாயிற்று.

காரணம் ஒரு பள்ளம். வடக்கே எங்கோ, நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டானது. தேய்ந்து, மண் மூடி, மேலே வயலும் ஊரும் வந்துவிட்டன. விளிம்பு எது என்பதற்கு மூன்று ஆய்வாளர்கள் மூன்று அளவு சொன்னார்கள். வேலை கொடுத்த பேராசிரியர் குமரகுருவோ, "வெளிக்கோடு சந்தேகந்தாம்மா. ஆனா இருக்கட்டும்" என்றார்.

"சந்தேகத்தை எந்தக் கலர்ல சார் போடறது?"

அவர் சிரித்தார். அவள் சிவப்பில் போட்டாள். தொட்டால் விவரம் விரியும்படி செய்து, திருத்தம் சொல்வதற்குத் தன் போன் எண்ணையும் கீழே சேர்த்து, இணையத்தில் ஏற்றினாள்.

மூன்றாம் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். இந்தி. மாலினிக்கு 'ஜமீன்', அதாவது நிலம், என்பது மட்டும் புரிந்தது. ஐயம்பேட்டையில் நெல் வியாபாரம் செய்யும் கணவன் ஜினகுமார், வடநாட்டு லாரிக்காரர்களோடு பேசிப் பழகியவன், போனை வாங்கினான்.

"அவங்க வீடு செவப்புக் கோட்டுக்கு உள்ள இருக்குதாம். எப்போ காலி பண்ணணும்னு கேக்கறாங்க."

"ஐயோ, அது கல்லு விழுந்த எடம்ங்க! நூறு கோடி வருசம் ஆயிடுச்சுன்னு சொல்லுங்க."

சொன்னான். "அப்போ இப்போ எதுக்குக் கோடு போட்டீங்கன்னு கேக்கறாங்க."

மாலினி கோட்டைப் பச்சையாக்கினாள்.

"காட்டிலாகான்னு பயப்படுவாங்கம்மா" என்றான் ஜினகுமார்.

"நீலம்?"

"அணை வருதும்பாங்க."

"மஞ்சள்?"

"ரோடு."

"எத்தினி கலர்தான் மாத்திக்கினு இருப்பேன்!" மறுபடி சிவப்புக்கே வந்தாள். "வீடு எங்கன்னு கேளுங்க."

வேப்பமரம், பக்கத்தில் நீலத் தார்ப்பாய் என்று அடையாளம் வந்தது. செயற்கைக்கோள் படத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். கோட்டை ஒட்டி, உள்ளே நாற்பதடியில், நகத்தளவு தகரக்கூரை. கோடு தப்பா, பயம் தப்பா, தான் செய்யப்போவது தப்பா, ஒன்றும் பிடிபடவில்லை.

"வீடு வெளியதான் இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். அவன் சொல்லி முடிப்பதற்குள், கோட்டை அந்த ஓரிடத்தில் மட்டும் பிடித்து, வீடு வெளியே நிற்கும்படி உள்ளுக்கு இழுத்துவிட்டாள்.