வயிற்றில் இருந்த வருடம்

இறந்தவர்களை எண்ணுவது எங்கள் பணியன்று. அவர்கள் வாழாமற்போன ஆண்டுகளை எண்ணுவதே எங்கள் பணி. பெருந்தொற்று ஒருவரை எந்த வயதில் கொண்டுபோயிற்று, அது வராதிருந்தால் இன்னும் எவ்வளவு காலம் இருந்திருப்பார் என்று கணித்துக் கூட்டினால், ஒரு நகரம் இழந்தது தெரியும். வயதில் பிழை விழுந்தால் எல்லாமே பிழை. துக்க வீட்டு வாசலில் நின்று வயது கேட்டுப் பழகியவர்களுக்கு என் பாடு புரியும்.

சைகோனில் பிறந்து, காரைக்காலில் தமிழ்வழியில் பயின்று, அங்கேயே கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். பிறகு சைகோனின் தூ டுக் பகுதியில் மகளோடு வசித்தபோது, அவளுடைய பல்கலைக்கழகத் தோழி லான் இப்பணிக்கு என்னை அழைத்துக்கொண்டாள். பிள்ளைப்பருவத்து வியட்நாமிய மொழி எனக்கு மறந்திருக்கவில்லை.

முதல் வீடு

குச்சி என்னும் புறநகர்ப் பகுதியில் ஒரு காய்கறித் தோட்டக்காரர் தம் மகளை இழந்திருந்தார். வயது கேட்டேன். முப்பது என்றார். அப்படியே குறித்துக்கொண்டேன். உடன்வந்த லான், "எந்த விலங்கின் ஆண்டு, ஐயா?" என்று கேட்டாள். குரங்கு ஆண்டின் கடைசி மாதம் என்றதும் விரல்விட்டுப் பார்த்து, என் முப்பதை அடித்து இருபத்தெட்டு என்று திருத்தினாள்.

இந்நாட்டில் ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு விலங்குகளின் பெயர்கள் சுழன்று வரும். இவர்கள் வழக்கில் குழந்தை பிறக்கும்போதே அதற்கு ஒரு வயது. தாய் வயிற்றில் இருந்த காலத்துக்கு அது. பிறகு ஒவ்வொரு தெத் புத்தாண்டிலும் ஒன்று கூடும். பெரியவர் அந்த அடித்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பதே போதாது, டீச்சர். அதிலும் கை வைக்கிறீர்களா?"

நடக்கிற வயது

அன்று முதல் எல்லாரிடமும் நிறைந்த வயதையே கேட்க வேண்டுமென்று லானுக்கு வகுப்பெடுத்தேன். இங்கே ஆசிரியையை "கோ" என்பார்கள். அவளும் அப்படியே அழைப்பாள். "உங்கள் ஊரில் எல்லாரும் ஒழுங்காகச் சொல்வார்களா, கோ?" என்று வம்புக்கு இழுத்தாள். ஐம்பத்தொன்பது நிறைந்தவர் எங்கள் ஊரில் "அறுபது நடக்கிறது" என்பார் என ஒப்புக்கொண்டேன்.

"உங்கள் ஊரில் வயது நடக்கிறது, எங்கள் ஊரில் ஓடுகிறது. அவ்வளவுதானே, கோ!"

எழுதாத கல்

ஹோவா என்பவரின் கணவர் தொற்றில் இறந்தபோது ஊரே அடைபட்டிருந்தது. இறுதிச் சடங்கு இல்லை. ராணுவத்தினர் சாம்பலை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தனர். புத்தர் கோயிலில் வைக்கும் கல் ஒன்றே மிச்சம். அறுபதைத் தொட்டவருக்கு "ஆயுள் நிறைந்து வாழ்ந்தார்" என்று கல்லில் பொறிப்பது இங்கு மரபு. குறைந்தவருக்கு "இவ்வுலகில் இருந்தார்" என்று மட்டுமே. ஹோவாவின் கணக்கில் அவருக்கு அறுபது. சான்றிதழில் ஐம்பத்தெட்டு. புலி ஆண்டின் கடைசி வாரத்தில் பிறந்தவர் அவர். பிறந்தபோது ஒன்று, தெத் வந்ததும் இரண்டு, கண் திறந்து பார்ப்பதற்குள்.

கல் எழுதப்படாமலே கிடந்தது. காரணம், இறந்தவரின் தம்பி. "அண்ணன் நிறைந்து போகவில்லை, அண்ணி. பாதியில் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கல்லும் அதைச் சொல்லட்டும்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கணக்கு டீச்சர் நீங்கள். சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைப் பொறித்துவிடுகிறோம்."

தீர்ப்பு

வகுப்பறையில் ஒரு கணமும் தயங்கியதில்லை நான். ஹோவா வீட்டுக் கூடத்தில் தயங்கினேன். கல்லில் ஐம்பத்தெட்டு என்றால், அந்த அம்மாளுக்கு எஞ்சியிருந்த ஒரே மரியாதையும் போய்விடும்.

முதலில் தம்பியிடம் பேசினேன். "உங்கள் கோபம் எங்கள் தாளில் ஏறிவிட்டது, ஐயா. அங்கே அவருக்கு ஐம்பத்தெட்டுதான். வயது குறையக் குறைய இழப்பு கூடும், ஓராண்டும் விடமாட்டோம். ஆனால் அவரை அறுபது என்று வாழ்த்தித்தானே கடைசி தெத்தைக் கொண்டாடினீர்கள்?" அவர் சுவரில் இருந்த அண்ணனின் படத்தைப் பார்த்தார். "நான்தான் முதலில் வாழ்த்தினேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஊதுவத்தி ஏற்றினார்.

கல் அறுபது என்றே இருக்கட்டும் என்றேன். ஹோவா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் என்னை எளிதில் விடவில்லை.

"என் மாமியார் அவரை வயிற்றில் சுமந்தார், கோ, உங்கள் தாளா சுமந்தது?"

ஒரு வினாவுக்கு ஒரே விடைதான் என்று வாழ்நாளெல்லாம் பிரம்பெடுத்துக் கற்பித்த நான், இப்போது யாரேனும் என் வயதைக் கேட்டால், தாளுக்கா கல்லுக்கா என்று விசாரித்த பிறகே சொல்கிறேன்.