ஒரே மிதியில் கிளம்பிய வண்டி

பலமனேர் மேட்டில் மார்கழி பிறந்துவிட்டால் டிரைவர் தியோடர் வீட்டில் ஓர் ஆள் கூடிவிடும். மிஷன் ஆஸ்பத்திரி வேனின் பேட்டரிதான் அந்த ஆள். ராத்திரி வண்டியிலேயே விட்டால் பனியில் விறைத்துப்போய், காலையில் முனகக்கூடச் செய்யாது. அதனால் பொழுது சாய்ந்ததும் அதைக் கழற்றி, வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, அடுப்புக்குப் பக்கத்து மூலையில் சாக்கு விரித்து வைப்பார்.

"பதினோரு வருஷமா இதோட குடித்தனம் பண்றேன். என்கிட்ட இருக்கிற நாலு புடவையிலயும் ஆசிட் பொத்தல்" என்பாள் அவர் மனைவி தபீதாள்.

அடுப்புச் சூட்டில் கிடந்தும் பாதி நாள் அது காலை வாரிவிடும். அப்புறம் வண்டிக்கு முன்னால் குனிந்து, எஞ்சினைக் கையால் கிளப்பும் இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டியதுதான். எஞ்சின் பிடிக்கிற நொடியில் அந்தக் கைப்பிடி பின்னுக்கு உதைக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துப் பிடிக்கத் தெரியாதவனுக்குக் கை போச்சு. பனிக்காலத்தில் அந்தக் கிழட்டு வண்டியைக் கிளப்பும் வித்தை அந்தச் சுற்றுவட்டாரத்தில் தியோடர் ஒருவருக்குத்தான் தெரியும். வேலூரில் படித்துவிட்டு வந்த டாக்டர் ஜெயசீலிக்கு அவர் அண்ணன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஆனால் கைப்பிடியை அரைச் சுற்றுகூட டாக்டரால் அசைக்க முடியாது. ஐம்பத்திரண்டு வயதில், எழுதப் படிக்க அரைகுறையாகத் தெரிந்த தியோடரை ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டிருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

முப்பத்தேழாம் வருஷத்து மார்கழியில் ஒரு விடியற்காலை. எத்திராஜ் என்கிற குடியானவன் பத்து மைல் சைக்கிள் மிதித்து வந்து நின்றான். பெண்டாட்டி அம்சவேணிக்கு இரண்டு நாளாய் வலி, பிள்ளை வரவில்லை. டாக்டரம்மா பையோடு ஓடி வந்து வண்டியில் ஏறிவிட்டார். பேட்டரி சத்தமே காட்டவில்லை. தியோடர் சுற்றினார், சுற்றினார், முக்கால் மணி நேரம் சுற்றினார். களைத்த கை பிடி மாறியது. கைப்பிடி ஒரே உதையில் வலது மணிக்கட்டை முறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் சுற்றிக் கிளப்பினார். வண்டியை டாக்டரம்மாதான் ஓட்டினார்.

ஊர் எல்லையிலேயே ஒப்பாரிச் சத்தம் கேட்டுவிட்டது.

யாரும் தியோடரைக் குறை சொல்லவில்லை. எத்திராஜ் வண்டி ஓரமாக வந்து அவர் கையைப் பார்த்தான். "கை இன்னா ஆச்சு சார்? வீங்கிக்கினு இருக்குதே" என்றான். பெண்டாட்டி உள்ளே பிணமாய்க் கிடக்க, அவன் அப்படிக் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தியோடர் மறந்திருப்பார். இதை மறக்க முடியவில்லை.

கைக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டிருக்கலாம். ஆனால் எலும்பு என்றால் புத்தூர்தான் என்று ஊறிப்போன புத்தி; ஜெபக்கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புத்தூருக்கு ரயிலேறி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். முட்டையும் பச்சிலையுமாய் மணத்த கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குள் அவர் நடமாடியதை நினைத்து நர்சுகள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். எலும்பு சரியாகக் கூடிவிட்டது. குளிர் பட்டால் மட்டும் உள்ளே குடையும்.

இன்னொரு மார்கழிக்கு அந்தக் கை தாங்காது என்று அவருக்குத் தெரியும். சித்தூரிலிருந்த மிஷன் கமிட்டிக்கு டாக்டரம்மா எழுதி எழுதி, புதுப் பேட்டரிக்கு ஆனி மாதத்தில்தான் உத்தரவு வந்தது. "போய்ப் பார்த்து நல்லதா வாங்கிட்டு வாங்க டிரைவர். எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார் அவர்.

தபீதாளுக்குத் தெரிந்தது. "வண்டி தானா கெளம்பிட்டா அந்தம்மாவே ஓட்டிக்கினு போயிடும். அப்புறம் உங்களை எதுக்கு வெச்சிக்கினு இருப்பாங்க? சுமாரா ஒண்ணைப் பார்த்து வாங்கிக்கினு வாங்க. ரொம்ப குளிர்ற நாலு நாள் மட்டும் நீங்க சுத்துங்க. உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. வேனை ஓட்டிக்கொண்டு மலைச்சரிவு இறங்கித் திருப்பதி சேரும்வரை தியோடர் அதையேதான் நினைத்துக்கொண்டு போனார்.

அங்கே கோவர்த்தனனின் பேட்டரிக் கடையில் இரண்டு பேட்டரி இருந்தன. ஒன்று பளபளவென்று சிவப்புச் சாயம் பூசி, பித்தளைப் பிடி வைத்தது. ஆள் பாதி ஆடை பாதி என்பது பேட்டரிக்கும் உண்டு போலிருக்கிறது. இன்னொன்று தார் பூசிய மொட்டைப் பெட்டி; உள்ளே தகடு அதிகம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே விலை.

"ரெண்டும் மஞ்சி பேட்டரிதான், நல்ல சரக்கு. சிவப்பை எடுத்துக்கினு போ டிரைவரு, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க" என்றார் கோவர்த்தனன்.

"குளிர்ல கெளம்புமா மொதலாளி?"

"திருப்பதியில குளிருக்கு எங்கய்யா போறது?"

"ரேணிகுண்டாவுல ஐஸ் கெடைக்குமே."

கோவர்த்தனன் வாய்விட்டுச் சிரித்தார். தியோடர் சிரிக்கவில்லை. ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் போய், மரத்தூளில் பொதிந்த ஐஸ் பாளம் இரண்டை வாங்கி வந்து, கடைக்குப் பின்னாலிருந்த தொட்டியில் உடைத்துப் போட்டு, இரண்டு பேட்டரியையும் ராத்திரி முழுக்கக் கழுத்தளவு இறக்கி வைத்தார். காலையில் எடுத்துத் துடைத்து, முதலில் சிவப்பை வண்டியில் மாட்டினார். எஞ்சின் பிடித்துக்கொள்ளாதபடி சாவியை அணைத்துவிட்டு, கோவர்த்தனனை ஹெட்லைட்டுக்கு எதிரே நிறுத்தி, ஸ்டார்ட்டரை மிதித்தார்.

"வெளக்கு எப்படி எரியுது?"

"நல்லா எரியுது. இப்ப கொறையுது. அட, நெருப்புத் துண்டு மாதிரி செவந்துபோச்சே!"

மூன்றாவது மிதியில் சிவப்புப் பேட்டரி ஓய்ந்தது. கறுப்பை மாட்டி எட்டு முறை மிதித்தார். எஞ்சின் சளைக்காமல் சுற்றியது, விளக்கு மங்கவில்லை. கோவர்த்தனன் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

தியோடர் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அசதி. முந்தைய நாள் அசதி இல்லை, பதினோரு வருஷத்து அசதி. சிவப்பைக் கட்டச் சொன்னால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. தபீதாள் நிம்மதியாகச் சோறு போடுவாள். ஐஸ் தண்ணீரில் நனைந்த மணிக்கட்டு வேறு விண்விண்ணென்று தெறித்தது. கை இன்னா ஆச்சு சார் என்று யாரோ பக்கத்தில் கேட்பதுபோல் இருந்தது.

"கறுப்பையே குடுங்க மொதலாளி" என்றார்.

தபீதாள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஐப்பசியில் கமிட்டிக் கடிதம் வந்தது. வண்டி இப்போது தொந்தரவின்றிக் கிளம்புவதால் தனியாக டிரைவர் வேண்டியதில்லை. தியோடர் விரும்பினால் வாசல் காவல் வேலையில் இருக்கலாம். டாக்டரம்மாதான் அதை வாசித்துக் காட்டினார். "வேண்டாம்னு நான் எவ்வளவோ எழுதிப் பார்த்தேன், டிரைவர்."

"இனிமே வாட்ச்மேன்னு கூப்பிடுங்கம்மா, பழகிக்கறேன்" என்றார் தியோடர். அந்தக் கறுப்புப் பெட்டியை அன்றைக்கு அவர் மனதார வெறுத்தார்.

மார்கழியில் நல்ல பனி. ஒரு விடியற்காலையில் மாட்டுவண்டியில் வந்திறங்கிய ஒருவன், தங்கச்சிக்கு வலி என்று பதறினான். டாக்டரம்மா ஓடி வந்து ஏறினார். ஒரே மிதி. வண்டி உறுமியது, ஹெட்லைட் மங்காமல் எரிந்தது. தியோடர் இடது கையால் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார். பத்து மணிக்குத் திரும்பி வந்த டாக்டரம்மா, கேட் அருகே வண்டியை நிறுத்தி, "தாயும் பிள்ளையும் பிழைச்சுட்டாங்க" என்றார்.

"பேட்டரிக்குத் தண்ணி பார்த்தீங்களாம்மா? அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மாசம் ஒருக்கா ஊத்தணும்" என்றார் தியோடர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மணிக்கட்டு குடைந்து எடுத்தது. அடுப்புக்குப் பக்கத்து மூலை காலியாகக் கிடந்தது. தபீதாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பரணில் சுருட்டி வைத்திருந்த பேட்டரிச் சாக்கை எடுத்து உதறி, அதே மூலையில் விரித்தாள்.

"வந்து குந்துங்க. அடுப்புச் சூட்டுல கையைக் காய வெச்சிக்கினு இருங்க, சோறு போடறேன்."

தியோடர் போய் உட்கார்ந்தார்.