திரையில் நான் போட்ட சாலை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாத முற்பகலில், சிவகாசியை அடுத்த ஒரு பட்டாசு ஆலையின் பின்புறம் நடந்தது இது. அப்போது நான் விருதுநகரில் இளங்கலை இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்லூரியில் சிலர் ஓய்வு நேரத்தில் வரைபடத் தன்னார்வலர்களாக இருந்தோம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத ஊர்களின் வீடுகளையும் வழிகளையும் கணினியில் வரைவோம். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால், எங்கோ ஒரு நாட்டின் மீட்புக் குழு அதைப் பார்த்துச் செல்லும். அந்த முறை எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டோம். வெடிவிபத்து நேர்ந்தால் ஆம்புலன்ஸ் விரைந்து செல்ல வழிகளைக் குறிப்பது நோக்கம்.

இரண்டு தார்ச்சாலைகளுக்கு இடையே, வெளிறிய நிலத்தின் ஊடாக நேரான தடம் ஒன்று படத்தில் தெரிந்தது. சிறிதும் ஐயமின்றி அதைச் சாலை என்று வரைந்துவிட்டேன். சரிபார்ப்பதற்காக நான் கிழக்கிலிருந்து நடந்து வருவது, என்னுடன் வரைந்த தோழி ஒருத்தி மேற்கிலிருந்து ஸ்கூட்டரில் வருவது என்று முடிவாயிற்று.

நான் வரைந்த சாலை தொடங்கும் இடத்தில் கம்பிவேலி சாய்ந்து கிடந்தது. கைப்பேசியைப் பார்த்தபடியே அதைத் தாண்டினேன்.

“ஏ புள்ள! அங்கனயே நில்லு. காலத் தூக்காத!”

வேப்பமரத்தடியில் வெறுங்காலுடன் நின்ற ஒரு தொழிலாளிப் பெண்ணின் குரல். நிமிர்ந்தேன். நாலடி தொலைவில், சிமெண்டுத் தளம் முழுவதும் மருந்து நிரப்பிய வெடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வெளிறிய நிலமாகத் தெரிந்தவை அத்தகைய தளங்கள். சாலை என்று நான் வரைந்தது, அவற்றின் நடுவே தொழிலாளர்கள் தட்டுச் சுமந்து நடக்கும் இடைவெளி.

“கையில செல்லு வேறயா? மொதல்ல அமத்து. செருப்பத் தேய்க்காமக் கழட்டு தாயி.”

அணைத்தேன். கழற்றினேன். அதற்குப் பின்னரே தோழியின் நினைவு வந்தது. அழைத்துச் சொல்லவும் வழியில்லை.

“அக்கா, இதே வழியா ஸ்கூட்டர்ல ஒருத்தி வர்றா.”

“வண்டியிலயா? இதுல ரோடு இருக்குன்னு எவ சொன்னா?”

“நான்தான்க்கா.”

அவர் ஓடவில்லை, ஓர் உராய்வே போதும் என்பதால் அங்கே ஓடக் கூடாது. தளங்களின் ஓரமாக, அடியை அளந்து வைத்து, மேற்கே விரைந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அருகிலிருந்த அறையில் நான்கு பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தனர். ஸ்கூட்டரின் ஒலி நெருங்கியது. இன்னும் நெருங்கியது. சட்டென்று நின்றது. அடுத்து வரக்கூடிய சத்தத்துக்குப் பயந்து காதுகளைப் பொத்திக்கொண்டேன்.

எதுவும் வரவில்லை. மேற்கு வேலிக்கு வெளியே, வண்டியைப் பிடித்தபடி தோழி விழித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் என்னைச் சுட்டிக்காட்டினார்.

“இம்புட்டு அழகா ரோடு போட்ட மகராசி அந்தா நிக்கா, நல்லாப் பாத்துக்க!”

அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்து மறுபடி சிரித்தனர். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வந்த வழியே வெளியேறி, தார்ச்சாலையை அடைந்ததும் கைப்பேசியை உயிர்ப்பித்து அந்தக் கோட்டை அழித்தேன். சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்த தோழியின் முகத்தை அதன் பிறகே பார்க்க முடிந்தது.

வரைவதை நான் விட்டுவிடவில்லை. ஆனால் காணாத தேசத்துக்கு ஒரு வழி வரையும் ஒவ்வொரு முறையும், அதன் மறுமுனையில் யாரோ ஒருவர் என்னை நம்பிப் புறப்பட்டுவிட்டார் என்ற அச்சம் என் விரலைச் சற்று நிறுத்துகிறது, அது என்னை விட்டு நீங்கிவிட வேண்டும் என்று நான் விரும்பியதே இல்லை.